அச்சில் எழும் ஸ்பிரிங்கர்லே

தென்மேற்கு ஜெர்மனியின் ஸ்வாபியப் பகுதியில் கிறிஸ்துமஸை ஒட்டி வீடுகளில் சுட்டு உற்றார் உறவினருக்குப் பங்கிடப்படும் 'ஸ்பிரிங்கர்லே' என்னும் சோம்பு மணக்கும் பிஸ்கட்டுக்கு, அதன் மேல் பதியும் மர அச்சே அழகு தருகிறது. முட்டையையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, மாவு சேர்த்துப் பிசைந்து, பேரி மரத்தில் குடைந்த அச்சை அழுத்தியெடுத்தபின், வில்லைகளை ஓர் இரவாவது காற்றாட உலரவிடுவதே இதன் சூட்சுமம். மேற்பரப்பு காய்ந்து இறுகிவிடுவதால், மிதமான சூட்டில் உப்பும் மாவு அதைச் சிதைக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு, 'பாதம்' எனப்படும் நுண்துளை விளிம்பாக அடியில் எழ, மேலே அச்சில் பதிந்த பறவை உருவின் இறகுக் கோடுகூட அழியாமல் வெண்மையாகவே வேகிறது. சுட்ட சில நாள்களுக்குப் பல்லுள்ளோரும் அஞ்சுமளவு கெட்டியாக இருக்குமாதலால், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்தின் தொடக்கத்திலேயே சுட்டு, இளகும்வரை டப்பாவில் இட்டுவைப்பர்.