எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர்

கொல்லைப்புறத்தில் சிமென்ட் மூடிக்குக் கீழே இருக்கும் எர்த் குழி மேல் எனக்குத் தனிப் பிரியம். இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப், சுற்றிலும் கரியும் கல்லுப்பும் மாறி மாறி அடுக்கு, தண்ணீர் ஊற்ற மேலே ஒரு புனல். கரி ஈரத்தைப் பிடித்து வைக்கும். கரைந்த உப்பு மண்ணின் மின்தடையைக் குறைக்கும். சித்திரை வெயிலில் மண் காய்ந்தால் தடை ஏறிவிடும். ஸ்பீக்கர் இரைவதற்குச் சில சமயம் அதுவும் காரணம். ஸ்டெபிலைசருக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பவர்கள் இங்கே ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சோம்புவார்கள்! தடை 100 ஓமுக்கு ஏறிய நேரத்தில் கிரைண்டர் உடம்பில் மின்சாரம் பாய்ந்தால், 230 வோல்ட்டில் மண்ணுக்குள் கசிவது 2.3 ஆம்பியர்தான். 5 ஆம்பியர் ஃபியூஸ் அசையாது. கிரைண்டர் உடம்பில் மின்சாரம் அப்படியே நிற்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்ற கசிவுக் காப்பு சுவிட்ச் இருந்தால் சட்டென்று துண்டிக்கும். ஆனால் அந்தக் கசிவு ஆள் உடம்பு வழியாகப் போகாமல் மண்ணில் இறங்கவும் இந்தக் குழிதான் வழி.