மாடத்திலிருந்து இறங்கியவர்கள்

தாமஸ் ஹார்டி என்றதும் நம் வாசகர்களுக்கு 'டெஸ்' ஞாபகம் வரும். இன்னும் கொஞ்சம் தேடிப் படித்தவர்களுக்கு 'ஜூட்' ஞாபகம் வரும். விதி, பழி, தூக்குமேடை, இவைதான் ஹார்டி என்று நாம் முடிவு கட்டிவிட்டோம். 1872ல் அவர் வெளியிட்ட 'அண்டர் தி கிரீன்வுட் ட்ரீ' என்ற சிறு நாவலைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பேசுகிறவர்களும் இனிமையான கிராமத்துக் காதல் கதை என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

கல்லூரி நாட்களில் நானும் அப்படித்தான் அதைப் படித்தேன். டிக் ட்யூயி என்ற இளைஞனும், ஃபான்ஸி டே என்ற உபாத்தியாயினியும் வரும் பக்கங்களை ஆவலோடு படித்தேன். கிழவர்கள் கூடி உட்கார்ந்து பிடிலைப் பற்றியும் கிளாரினெட்டைப் பற்றியும் வளவளவென்று பேசும் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். சமீபத்தில் மறுபடி எடுத்துப் படித்தபோது, அந்தக் கிழவர்கள்தாம் நாவல் என்று தெரிந்தது. காதல் கதை அவர்களுடைய கதைக்கு ஒரு சாக்கு.

கதை இவ்வளவுதான். மெல்ஸ்டாக் என்ற கிராமத்துக் கிறிஸ்தவக் கோயிலில், வாசல் பக்கத்து மேற்குச் சுவரை ஒட்டி ஒரு மரமாடம். அதில் உட்கார்ந்து மூன்று தலைமுறையாக ஒரு கோஷ்டி பாடியும் வாசித்தும் வருகிறது. வண்டிக்காரர், செருப்புத் தைப்பவர் என்று எல்லோரும் கைத்தொழில் செய்கிறவர்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு, நம் ஊர் மார்கழி பஜனை மாதிரி, வீடு வீடாகப் போய்ப் பாடுகிறார்கள். பள்ளிக்கூட வீட்டு ஜன்னலில் மெழுகுவர்த்தியோடு புதிய உபாத்தியாயினி தோன்றுகிறாள். கோஷ்டியில் ஒருவனான டிக் அங்கேயே மனத்தைப் பறிகொடுக்கிறான். அவளுக்கு ஆர்கன் வாசிக்கத் தெரியும் என்பதால் கோயிலுக்கு ஒரு ஆர்கன் வருகிறது. கோஷ்டி மாடத்தை விட்டு இறங்குகிறது.

இது கற்பனை மட்டுமல்ல. மெல்ஸ்டாக் என்பது டார்செட் ஜில்லாவில் உள்ள ஸ்டின்ஸ்போர்டு. ஹார்டியின் பாட்டனார், 19ம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலிருந்து 1837ல் இறக்கும் வரை, அந்தக் கோயிலில் பெரிய பிடில், அதாவது இன்று செல்லோ என்கிற வாத்தியம், வாசித்தவர். தகப்பனாரும் அவருடைய சகோதரரும் சிறிய பிடில்கள். 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில், சீர்திருத்த மனம் கொண்ட ஒரு புதிய பாதிரியாரின் காலத்தில், அந்தக் கோஷ்டி கலைந்தது. ஹார்டி பிறந்தது 1840ல். ஆகவே அவர் தம் குடும்பத்து இசையைக் கோயிலில் கேட்டதே இல்லை. வீட்டில் பிறர் சொல்லக் கேட்டதுதான். இந்த நாவலின் இனிமைக்கும் ஏக்கத்துக்கும் அதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இவர்களுக்குச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பல வருஷங்கள் கழித்து, 1896ல் எழுதிய முன்னுரையில் ஹார்டி கணக்கே கொடுக்கிறார். எல்லா வீட்டு வசூலும் சேர்ந்து ஆளுக்கு வருஷத்துக்குப் பத்து ஷில்லிங்குக்கு மேல் தேறாது. பிடில் தந்திக்கும் பழுதுபார்ப்புக்கும் நோட்டுக் காகிதத்துக்கும் அது சரியாகப் போய்விடும். அந்தக் காகிதத்திலும் கோடுகளைத் தாங்களே போட்டுக்கொண்டு, பாட்டுகளைத் தாங்களே எழுதிக்கொள்வார்கள். நோட்டின் ஒரு பக்கத்திலிருந்து சங்கீதங்கள் தொடங்கும். தலைகீழாகத் திருப்பினால் மறுபக்கத்திலிருந்து கல்யாண வீட்டு நடனப் பாட்டுகள் தொடங்கும். இரண்டும் வளர்ந்து வளர்ந்து நடுவில் வந்து சந்திக்கும். தெய்வத்துக்கு ஒன்று, உலகத்துக்கு ஒன்று என்று அவர்கள் இரண்டு நோட்டு வைத்துக்கொள்ளவில்லை.

ஆர்கன் வரப்போகிறது என்றதும், அவர்கள் பாதிரியார் வீட்டுக்குத் தூது போகும் கட்டம் நாவலின் உச்சம். பாதிரியார் மேபோல்டு கெட்டவர் அல்லர். யாருமே கெட்டவர் அல்லர். கோஷ்டியை வெறுத்து யாரும் விரட்டவில்லை. அவளை ஆர்கன் முன் உட்கார வைத்துப் பார்க்க ஒரு பணக்கார விவசாயிக்கு ஆசை, பாதிரியாருக்கும் ஆசை. டிக்கின் தகப்பனார் ரூபன், வண்டிக்காரர், எல்லோருக்காகவும் பேசுகிறார். போகவேண்டும் என்றால் போகிறோம், ஆனால் பெயரில்லாத ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தேய்ந்து மறைய வேண்டாம், கிறிஸ்துமஸ் மாதிரி ஒரு பெரிய நாளில் கௌரவமாக விழுகிறோம் என்கிறார். பேரம் நடந்து, செப்டம்பர் மாதத்து மைக்கேல்மஸ் திருநாள் என்று தீர்மானமாகிறது. வேலை போவதைவிட, போகும் விதத்தைப் பற்றி மனிதன் கவலைப்படுகிறான். இதைக் கண்டு எழுதுகிறவன்தான் நாவலாசிரியன்.

அந்தத் தூதில் தாமஸ் லீஃப் என்று ஒருவன். புத்தி போதாதவன். அவனை வைத்துக்கொண்டே, இவனுக்குப் புத்தி கிடையாது, ஆனால் மேல் ஸ்தாயியில் இவனைப்போலப் பிடிக்க ஆள் இல்லை, அதனால் வைத்திருக்கிறோம் என்று பாதிரியாரிடம் சொல்கிறார்கள். அவனும் ஆமாம் என்று ஒப்புக்கொள்கிறான். படிக்கும்போது சிரிப்பு வருகிறது. புஸ்தகத்தை மூடியபின் அவன்தான் மனத்தில் நிற்கிறான். ஆர்கனுக்கு மேல் ஸ்தாயிக்கு ஒரு கட்டை இருக்கிறது, லீஃப் வேண்டாம். ஊரில் வேறு எந்த வேலைக்கும் உதவாத ஒருவனுக்கு ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் இருந்த ஓர் இடம் போய்விட்டது.

இசை கெட்டுவிட்டதா? அப்படிச் சொல்ல முடியாது. பயிற்சியுள்ள ஒருவர் கையில் அது ஒழுங்காக நடந்திருக்கும். ஹார்டியும் அதை மறைக்கவில்லை. ஆனால் அதே முன்னுரையில் அவர் சொல்லும் நஷ்டம் வேறு. முன்பு வாத்தியக்காரர்களும் பாடுகிறவர்களுமாகப் பலருக்குக் கோயில் காரியம் தங்கள் சொந்தக் காரியமாக இருந்தது. இப்போது ஒருவர் வாசிக்கிறார், மற்றவர் கேட்கிறார்கள். ஃபான்ஸி முதன்முதலாக வாசிக்கும் ஞாயிற்றுக்கிழமையன்று பழைய கோஷ்டிக்காரர்கள் மனைவிமார் பக்கத்தில் கீழே சிதறி உட்கார்ந்திருக்கிறார்கள். கைகளை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. நஷ்டம் முழுவதும் அந்தக் கைகளில் இருக்கிறது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த ஊர்க் கோயில்களில் பிடில் மரியாதை இழந்த நூற்றாண்டில்தான், நம் பாலுஸ்வாமி தீக்ஷிதரும் அவர் வழி வந்தவர்களும் அதை நம் கச்சேரிக்குச் சொந்தமாக்கினார்கள். அந்த ஆர்கனின் நெருங்கிய உறவான ஹார்மோனியத்தையோ, அகில இந்திய வானொலி 1940ல் தடை செய்து பல வருஷம் வெளியே நிறுத்தியது. வாத்தியங்களுக்கும் ஜாதகம் உண்டு போலும்!

இந்த நாவலில் குறை இல்லையா என்றால், உண்டு. ஹார்டி அதிகமாகச் சிரிக்கிறார். கிழவர்கள் வாயைத் திறந்தாலே நாம் சிரிக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறார். நகரத்து வாசகர்கள் கிராமத்தானைப் பார்த்துச் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். இளம் எழுத்தாளர் அதற்கு இடம் கொடுத்துவிட்டார். 1894ல் வந்த 'லைப்ஸ் லிட்டில் ஐரனீஸ்' தொகுதியிலும் இப்படி ஒரு கதை. குளிருக்குப் பிராந்தி கலந்த பீரைக் குடித்துவிட்டு மாடத்தில் தூங்கிய கோஷ்டி, திடுக்கிட்டு விழித்து, நடன வீடு என்று நினைத்துக் குத்தாட்டப் பாட்டை வாசித்துவிடுகிறது. கைப்பிடியைச் சுழற்றினால் தானே பாடும் ஆர்கன் அவர்கள் இடத்துக்கு வருகிறது. அபாரமான ஹாஸ்யம், ஆனால் துக்கத்தை விழுங்கிவிடுகிற ஹாஸ்யம். 1912ல், எழுபது வயதைத் தாண்டிய ஹார்டியே, இந்தக் கோஷ்டியைப் பற்றி இன்னும் ஆழமாக எழுதியிருக்கலாம், மிகவும் லேசாக எழுதிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார்.

ஏன் லேசாக எழுதினார்? எனக்கு ஒரு காரணம் தோன்றுகிறது. ஹார்டி பதினாறு வயதில் டார்செஸ்டரில் ஒரு கட்டடக் கலைஞரிடம் வேலை பழகப் போனவர். பழைய கோயில்களைப் புதுப்பிப்பதுதான் அங்கே பெரும் வேலை. புதுப்பிப்பது என்றால், அந்தக் காலத்தில், மேற்கு மாடங்களை இடிப்பதும் அதில் அடக்கம். அந்தப் புதுப்பிப்புகளில் தமக்கும் பங்கு உண்டு என்று 1906ல் ஒரு கட்டுரையில் வருந்தி எழுதினார். 1870ல் கார்ன்வாலில் செயிண்ட் ஜூலியட் கோயிலை அளக்கப் போனபோது அவர் ஒரு பெண்ணைச் சந்தித்தார். அங்கே பாதிரியாரின் மைத்துனி, எம்மா கிஃபர்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கோயிலில் ஹார்மோனியம் வாசித்தவள் அவள்தான். நான்கு வருஷம் கழித்து அவளையே மணந்தார். ஃபான்ஸிதான் எம்மா என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிடில்காரரின் பேரன், மாடத்தை இடிக்கும் தொழிலில் இருந்துகொண்டு, ஹார்மோனியம் வாசிக்கும் பெண்ணைக் காதலித்துக்கொண்டு, அந்த நாவலை எழுதினார் என்பது உண்மை. யாரைக் குற்றம் சொல்வது? சிரித்துவிட்டார்.

நாவலின் முடிவில் கல்யாணம் நடக்கிறது. ஆர்கன் வாசித்த அன்று மாலையே ஃபான்ஸி பாதிரியாருக்குச் சம்மதம் சொல்லி, மறுநாள் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது டிக்குக்குத் தெரியாது. அவள் சொல்லவும் போவதில்லை.

1928ல் ஹார்டி இறந்தபோது அவர் சாம்பலை வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் வைத்தார்கள். இதயத்தை மட்டும் ஸ்டின்ஸ்போர்டு கோயில் முற்றத்தில், எம்மாவின் கல்லறையில் புதைத்தார்கள். பிடில் வாசித்த தகப்பனாரும் பாட்டனாரும் கிடப்பது அதே முற்றத்தில்தான். நண்பர்கள் இந்த நாவலைப் படிக்கவேண்டும். கிழவர்கள் பேசும் பக்கங்களைத் தள்ளாமல் படிக்கவேண்டும்.