நடேசய்யர் வாழ்வு எழுதப்பட்ட முறை

மலையகத் தொழிற்சங்க இயக்கத்தின் மூலவர் எனக் கருதத்தக்க கோ. நடேசய்யரை இத்தலைமுறை அறிவதற்கு வழிசெய்தது, 1988இல் வெளிவந்த சாரல்நாடனின் ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ என்னும் நூலாகும். மறதியினின்றும் ஒரு மனிதரை மீட்ட அவ்வுழைப்புக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும் அதன்பின் எழுந்த நினைவுக் கட்டுரைகள் பலவும் ஒரே சித்திரத்தையே திரும்பத் திரும்பத் தீட்டுகின்றன: புடைவை வியாபாரியாக வேடம் பூண்டு தோட்டத்துள் நுழைந்த வீரர். கதை சுவையானதே. ஆனால் துணிமூட்டை சுமந்த அய்யர் நினைவில் நிற்க, எழுதுகோல் பிடித்த அய்யர் மறைந்துவிடுகிறார்.

ஆராய்ச்சிக்கு உரியவர் இரண்டாமவரே. தஞ்சையிலிருந்து வந்து, 1920களில் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். சட்டநிரூபண சபையிலும், 1936 முதல் 1947 வரை அரசாங்க சபையிலும் அமர்ந்தார். எழுத்தறியாதோர் மிகுந்த லயங்களில் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டனர். துணைவியார் மீனாட்சியம்மையின் பாடல்களோ வாசிப்போரையும் வேண்டாது பரவத்தக்கவை. இவ்விருவர் பணியையும் இணைத்து நோக்கிய திறனாய்வு இன்னும் போதிய அளவு எழவில்லை என்பதே என் கருத்து.

ஏ. ஈ. குணசிங்கவோடு அவர் கூடியதும் பிரிந்ததும் நம்மவர் கட்டுரைகளில் ஒரு பத்தியில் முடிந்துவிடுகின்றன. பிரிவு வெறும் துரோகக் கதையாகச் சுருங்குகின்றது. அட்டனிலிருந்து பார்ப்போருக்கு அது போதுமாயிருக்கலாம். மாத்தளையிலிருந்து பார்ப்போருக்குப் போதாது. ரத்தோட்டை, உக்குவளைப் பக்கங்களில் தேயிலையோடு இறப்பரும் கொக்கோவும் பயிரான தோட்டங்கள் சிங்களக் கிராமங்களோடு வேலியைப் பகிர்ந்து நிற்பவை. நகரத் தொழிலாளியும் தோட்டத் தொழிலாளியும் ஏன் ஓரணியில் நிலைக்கவில்லை என்பது இங்கு அன்றாட வாழ்வைத் தொடும் வினா. 1920களின் இறுதியில் தொடங்கிய உலகப் பொருளாதார நெருக்கடியும் வேலைப் போட்டியும் அதில் வகித்த பங்கை ஒதுக்கிவிட்டு, தனிமனிதர் குணங்களால் மட்டும் விடை காண இயலாது.

அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன், உரிமைச் சாசனம் இல்லையென்று 1787இல் அரசியலமைப்பில் கையெழுத்திட மறுத்தவர். அந்நாட்டவர் அவரை ஆராய்வது அம்மறுப்பின் நியாயங்களுக்காக. நாமோ, நடேசய்யர் 1947 நவம்பரில் மறைந்ததால் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தைக் காணாது தப்பினார் என்று இரங்கி நிறுத்திவிடுகிறோம். சபை அறிக்கைகளில் உள்ள அவர் உரைகளைத் தமிழாக்கிக் குறிப்புரையுடன் பதிப்பித்தால், இன்னொரு புகழ்மாலையைவிட அது பயன்படும். நம் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் தொடங்கக்கூடிய வேலைதான் இது.