தெவிட்டலும் தேர்வும்: மின்னணு இசைக்கருவிப் பதிவில் அனலாக் வன்பொருள் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

மின்னணு இசைக்கருவிகளின் ஒலி தட்டையானது என்றும், பதிவின்போதே அதை வெற்றிடக் குழாய், மின்மாற்றி, காந்த நாடா ஆகியவற்றுள் ஒன்றன் வழியே செலுத்தினால் 'கதகதப்பு' கிட்டும் என்றும் ஒலிப்பதிவுத் துறையில் பரவலாகக் கூறப்படுகிறது. இக்கூற்று வன்பொருளின் புகழைக் கருதுகிறதேயன்றி, அதனுள் நுழையும் ஒலியின் இயல்பைக் கருதவில்லை. பதிவில் ஏறிய உருக்குலைவைப் பின்னர் முற்றிலும் நீக்குதல் அரிது. எனவே இத்தேர்வு ஆராய்தற்குரியதாகிறது.

தெவிட்டலின் வகைகள்

உள்ளீடு உயரும்போது வெளியீடு அதே விகிதத்தில் உயர இயலாத நிலையே தெவிட்டல். இந்நிலையில் புதிய சீரிசைகள் தோன்றுகின்றன. ஒற்றை ட்ரையோடு நிலையில் இரண்டாம் சீரிசை மேலோங்கும். அது குரலின் மேல் மண்டிலக் குரலாகும். காந்த நாடாவில் மூன்றாம் சீரிசை மேலோங்கும். அது மேல் மண்டில இளியாகும். மின்மாற்றியின் உள்ளகக் காந்தப் பாயம் மின்னழுத்தத்திற்கு நேர்விகிதத்திலும் அதிர்வெண்ணுக்கு எதிர்விகிதத்திலும் அமையும். ஆதலால் ஒரே மின்னழுத்தத்தில் 100 ஹெர்ட்சை விட 50 ஹெர்ட்ஸ் ஒலி இருமடங்குப் பாயத்தை உண்டாக்கி, விரைவில் தெவிட்டுகிறது. தாழ்சுரப் பகுதிகளுக்கு மின்மாற்றி தனித்தன்மை தருவது இதனாலேயே.

அலைவடிவமே அளவுகோல்

சைன் அலையில் சேரும் சீரிசை தெளிவாகக் கேட்கும். ரம்பப்பல் அலையிலோ எல்லாச் சீரிசைகளும் முன்பே உள்ளன. தெவிட்டல் அவற்றின் வலிமையை மட்டுமே மாற்றுகிறது. இரு மட்டங்களை மட்டும் உடைய சதுர அலை, அந்தந்தக் கணத்தின் உள்ளீட்டை மட்டும் சார்ந்து செயல்படும் சுற்றில் சதுர அலையாகவே வெளிவரும். உயரம் மட்டும் மாறும். விலையுயர்ந்த கருவியும் இங்குப் பயன் தராது.

1970இல் வெளிவந்த மினிமூக்கின் டிரான்சிஸ்டர் ஏணி வடிப்பி தானே தெவிட்டும் இயல்புடையது. 1983இல் வெளிவந்த யமஹா டிஎக்ஸ்7 சைன் அலைகளை எண்ணியல் முறையில் ஒன்றாலொன்று பண்பேற்றி ஒலி எழுப்புவது. இவ்விரண்டுக்கும் ஒரே வன்பொருளைப் பரிந்துரைப்பது பொருந்தாது.

பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும்போது சிக்கல் மிகுகிறது. 400, 504 ஹெர்ட்ஸ் சுரங்கள் ஒருசேரத் தெவிட்டினால், வேறுபாடாக 104 ஹெர்ட்ஸ் தோன்றும். 400இன் இரு மண்டிலம் கீழான 100 ஹெர்ட்சோடு அது இணங்காது. தனிச்சுரத்திற்கு இனிமை சேர்த்த அதே அமைப்பு இங்குக் கலக்கத்தையே தரும்.

தேர்வின் நெறி

உள்ளீட்டு உந்தலையும் வெளியீட்டு மட்டத்தையும் தனித்தனியே கட்டுப்படுத்த இயல்வது வன்பொருளின் முதல் தகுதி. இல்லையேல், தெவிட்டும் அளவுக்கு உந்தும்போது எண்ணியல் மாற்றியின் உள்ளீடு எல்லை மீறக்கூடும். ஒப்பிடும் இரு ஒலிகளின் உரப்பும் சமமாக்கப்பட வேண்டும். சற்று உரத்த ஒலியையே செவி சிறந்ததாகக் கொள்ளும். 'கதகதப்பு' எனப் போற்றப்படுவது பலவேளைகளில் இந்த உரப்பு வேறுபாடேயாகும்.

முடிவுரை

தெவிட்டிய கரைசல் என்னும் அறிவியல் வழக்கில் நிறைவைக் குறிக்கும் 'தெவிட்டல்', உணவில் இனிமை மிகுந்து வெறுப்பாவதையும் குறிக்கிறது. நுண்ணிய தெவிட்டல் இவ்விரு பொருள்களுக்கும் இடைப்பட்டது. அவ்விடத்தைக் காட்டுவது கருவியின் பெயரோ விலையோ அன்று. உள்நுழையும் அலையும் அதைக் கேட்கும் செவியுமே.