பித்தன் தீட்டிய பூக்களா?

"வான்கோ ஒரு பித்தர், பித்து முற்றிய வேளையிலே பிறந்தவைதாம் அந்தச் சூரியகாந்திப் படங்கள்!" என்று கூறுவோர் உண்டு. கூறிவிட்டுக் கண்மூடி மெய்சிலிர்ப்போரும் உண்டு. நம் தோழர் ஒருவரோ வேறு வகையில் சினந்தார். "1885இல் உருளைக்கிழங்கு உண்ணும் ஏழை உழவர் குடும்பத்தைத் தீட்டிய கை, மூன்றே ஆண்டுகளில் பூச்சாடி தீட்டப் போனதேன்? ஏழையை மறந்தாரோ?" என்று கேட்டார். முதலாவது மூடக்கதை. இரண்டாவது, விடையளிக்கத் தக்க கேள்வி.

மூடக்கதையை முதலில் பார்ப்போம். ஆலந்து நாட்டில் மண்ணின் நிறத்திலேயே படம் வரைந்துகொண்டிருந்த வின்சென்ட், 1886இல் பாரிசு நகர் வந்தார். புதிய ஓவியர்களின் ஒளிமிக்க வண்ணங்களைக் கண்டார். தம் வண்ணம் இருண்டு கிடப்பதை உணர்ந்தார். பழக வேண்டுமே! எதிரே அமர்த்தி வரைய ஆளுக்குக் கூலி கொடுக்கக் கையில் காசில்லை. பூவுக்கு அவ்வளவு செலவில்லை. ஆகவே அந்தக் கோடை முழுதும் பூக்களை வரைந்து தள்ளினார். சிவப்புக்கு எதிரே பச்சை, நீலத்துக்கு எதிரே செம்மஞ்சள் என வைத்து வைத்துப் பார்த்தார். மாணவன் வாய்ப்பாடு எழுதிப் பழகுவதைப் போலத்தான்! 1887இல் கொய்து கிடத்திய சூரியகாந்தித் தலைகளை நான்கு படங்களாக்கினார்.

1888 ஆகஸ்டுத் திங்கள். தென் பிரான்சின் ஆர்ல் நகரில் வாடகைக்கு எடுத்த மஞ்சள் வீடு. நண்பர் கோகேன் வருகிறார். அவருக்காக வீட்டை அழகு செய்ய வேண்டும். பூவோ விரைவில் வாடும். எனவே கதிரவன் எழும்போதே தூரிகை எடுத்தார். மூன்று மலர், ஆறு மலர், பிறகு இரண்டு பெருங்கொத்துகள் என, ஏறத்தாழ ஒரே வாரத்தில் நான்கு படங்கள்.

நான்காவது படத்தைத்தான் நாம் வியக்கிறோம். இன்று இலண்டனில் இருப்பது அது. அச்சுப்படியிலேதான் நாம் கண்டோம், அதுவே போதுமானதாயிற்று. மஞ்சள் சுவர், மஞ்சள் மேசை, மஞ்சள் சாடி, மஞ்சள் மலர்! மஞ்சளின் மேல் மஞ்சளை வைத்தால் எல்லாம் கலங்கிக் குழம்பிப் போகாதா? போகவில்லை. விதை முற்றிய நடுவட்டத்தில் வண்ணத்தைத் திப்பிதிப்பியாய் அப்பியிருக்கிறார். சுவரிலோ பூச்சு தட்டையாய் அமைதியாய் ஓடுகிறது. மேசையையும் சுவரையும் பிரிப்பது ஒரே ஒரு மெல்லிய நீலக்கோடு. முழுதாய் விரிந்தது, இதழ் உதிர்ந்தது, தலை தொங்கியது என எல்லாப் பருவமும் ஒரே சாடியில்! இரண்டாண்டுப் பயிற்சி இல்லாதவர் இதைத் துணியமாட்டார். (அவர் வைத்த மஞ்சள் அப்படியே நமக்குக் கிட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குரோம் மஞ்சள் ஒளிபட்டுப் பழுப்பேறுவது என்று வேதியியலார் கண்டுள்ளனர்.)

நோய் முதன்முதலாய்த் தாக்கிக் காதை அறுத்துக்கொண்ட நாள் 1888 டிசம்பர் 23. படங்கள் பிறந்தது ஆகஸ்டில். எது முன், எது பின் என்று நம் வகுப்புச் சிறுவரும் சொல்வர்! மருத்துவமனையிலிருந்து மீண்டபின், 1889 சனவரியில், பூவே கிடைக்காத குளிரில், தம் பழைய படங்களை எதிரே வைத்து மறுபடி தீட்டினார். தன்னைத்தானே படியெடுக்கும் பொறுமை பித்தின் அடையாளமா?

தோழரின் கேள்விக்கு வருவோம். பூ, பசி தீர்க்காது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இவர் எடுத்தது மாளிகைப் பூங்காவின் ரோசாவையா? உழவன் வேலியோரம் நின்ற முரட்டுப் பூவை. அதே 1888இல், அதே ஆர்லில், வயலில் விதை தூவும் உழவனையும் தீட்டினார். மறந்தவர் செய்யும் செயலா இது?

பின்கதை வேடிக்கையும் வேதனையும் கலந்தது. 1890இல் பிரசெல்சு கண்காட்சியில், "இவற்றின் அருகே என் படம் தொங்குவதா?" என ஓர் ஓவியர் முரண்டினார். சப்பானியர் ஒருவர் 1920இல் வாங்கிச் சென்ற ஆறுமலர்ப் படம், 1945 ஆகஸ்டுக் குண்டுவீச்சில் சாம்பலாயிற்று. 1987இல் மற்றொன்று இரண்டேகால் கோடிப் பவுனுக்கும் மேலாக ஏலம் போயிற்று. 2022இல் இலண்டன் படத்தின் கண்ணாடிமேல் கிளர்ச்சியாளர் கூழை ஊற்றினர்.

ஆனால் அவற்றை உலகறியச் செய்தவர் யார்? வின்சென்ட் 1890 சூலையில் மாண்டார். ஆறு மாதத்தில் தம்பி தியோவும் மாண்டார். தியோவின் மனைவி யோகன்னாவுக்கு அப்போது வயது இருபத்தெட்டு. இடுப்பில் ஒரு குழந்தை. கைம்பெண்ணாய் மூலையில் ஒடுங்கவில்லை அவர். தங்கும் விடுதி நடத்திப் பிழைத்தார், கண்காட்சிகளுக்குப் படம் அனுப்பினார், விலை பேசினார், 1901இல் மறுமணமும் செய்துகொண்டார். உடன்பிறப்பிருவரின் கடிதங்களை ஒழுங்குபடுத்தி 1914இல் நூலாக்கினார். கலை வரலாறு எழுதியோர் நெடுநாள் இவரை "தம்பி மனைவி" என்ற இரு சொல்லோடு கடந்து போனது நமக்குச் சினமூட்டுகிறது.

மஞ்சள்மேல் மஞ்சள் தீட்டிய அந்தப் படம் முப்பதாண்டுக்கு மேலாக அவரிடம் இருந்தது. இலண்டன் கலைக்கூடத்தார் கேட்டபோது முதலில் மறுத்தார். நாள்தோறும் பார்த்த படத்தைப் பிரிய மனம் வரவில்லை. வின்சென்டின் புகழுக்கு அங்கேதான் இடமுண்டு என்று பிறகு இசைந்து, 1924இல் கொடுத்தார். அடுத்த ஆண்டு மறைந்தார். மறுபடி தீட்டிய படங்களுள் ஒன்று அவர் மகனிடமே தங்கிற்று. 1973 முதல் ஆம்சுடர்டாமின் வான்கோ கூடத்தில் அதைக் காணலாம்.