அஞ்சு பெண்ணும் அரசனும்

'அஞ்சு பெண் பெத்தா அரசனும் ஆண்டி.' இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்தால், ஆறுதல் சொல்ல வந்தவர்களே இதையும் சொல்லிவிட்டுப் போவார்கள். ஏன் இப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் 'பெரியவங்க சொன்னது' என்பார்கள். சொன்னவர் பெயர் இல்லை, சொன்ன காலம் இல்லை. சொல்பவர் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்பதுதான் பழமொழியின் பலம்.

அச்சேறியபோது இந்தப் பலம் கூடியது. பாதிரியார் பீட்டர் பெர்சிவல் 1874இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். அகரவரிசையில் நிற்கும் பழமொழிக்கு, யார் யாரிடம் எந்த நேரத்தில் சொன்னார்கள் என்ற சூழல் இல்லை. சண்டையில் வீசப்பட்ட சொல்லும் அங்கே பொது உண்மையாகிவிடுகிறது.

இன்று இந்தப் பழமொழிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வக்காலத்தும் சுற்றுகிறது. மூலத்தில் 'பெண்' என்ற சொல்லே இல்லையாம். 'அஞ்சு பெற்றால்' என்பதுதானாம். அந்த அஞ்சு என்னென்ன? ஆடம்பரமான தாய், பொறுப்பில்லாத தந்தை, ஒழுக்கம் கெட்ட மனைவி, துரோகம் செய்யும் உடன்பிறப்பு, சொல் கேளாத பிள்ளை. மகளைக் காப்பாற்ற வந்த விளக்கம், தாயையும் மனைவியையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. பழமொழியைக் கழுவி எடுக்கும் இந்த அவசரம், அது எந்தக் கணக்கிலிருந்து பிறந்தது என்று கேட்பதே இல்லை.

கணக்கைப் பார்க்க சேலத்திலிருந்து ஏற்காடு மலை ஏறலாம். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் பெயரில் மலையாளிகளே தவிர, பேசுவது தமிழ்தான். பரியம் கொடுத்துப் பெண்ணெடுப்பது அவர்களுடைய பழைய வழக்கம். கொடுக்க வேண்டியது மாப்பிள்ளை வீடு. அந்த வழக்கப்படி அஞ்சு பெண் பெற்ற தகப்பன் ஆண்டியாவது எப்படி? அரசனையே ஆண்டியாக்கிய பழமொழி, இந்த மலையில் பொருளிழந்து நிற்கிறது. அது வரதட்சணையும் சீரும் பேசும் வீட்டின் வரவுசெலவுக் குறிப்பு. எல்லாத் தமிழரின் ஞானம் அல்ல.

இதனால் பரியத்தை விடுதலை என்று கொண்டாட வேண்டியதில்லை. பரியம் பேசும் இடத்திலும் பெண்ணின் உழைப்புக்குத்தான் விலை பேசப்படுகிறது. வாங்குவது அவள் கை அல்ல. ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. அவள் உழைப்பு ஒரு வீட்டுக்கு இழப்பு, இன்னொரு வீட்டுக்கு வரவு என்பதை இந்த வழக்கம் ஒப்புக்கொள்கிறது. காட்டிலும் காப்பித் தோட்டத்திலும் பாடுபடுகிறவளைச் சுமை என்று அழைக்க வரதட்சணையின் கணக்கு வேண்டும். 1961இலேயே சட்டம் தடைசெய்தும், அந்தக் கணக்கு பல சமூகங்களில் பரியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பழமொழிகளை எரித்துவிட வேண்டுமா? வேண்டாம். 'மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்' என்பதும் பழமொழிதான். ஒரே குடத்துக்கு இரண்டு விலை போடும் வீட்டைக் கண்டுபிடித்த மருமகளின் கண் அதில் இருக்கிறது. பெயரில்லாமல் பேச வேண்டிய அவசியம் அவளுக்கும் இருந்தது. அதிகாரம் ஒளிந்துகொள்ளும் அதே மறைவில்தான் முறையீடும் ஒளிந்திருக்கிறது.

ஆகவே பழமொழி காதில் விழும்போது, அது உண்மையா பொய்யா என்று வாதாடுவதற்கு முன் ஒன்று கேட்போம்: இதை நம்பினால் யாருக்கு வரவு, யாருக்குச் செலவு?