மண்டையைப் போட்டவரும் காலமானவரும்

லஸ் பக்கம் பழைய புத்தகக் கடைகளில் அடிக்கடி கண்ணில் படுகிற ஒரு வகைப் புத்தகம் உண்டு. இடப்பக்கம் ஆங்கில மரபுத்தொடர், வலப்பக்கம் தமிழில் பொருள். வங்கித் தேர்வு, எஸ்.எஸ்.சி. எழுதுகிறவர்கள் வாங்குவார்கள். இதையெல்லாம் யாரும் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் ஆங்கில நாவல் ஒன்றைக் கையில் எடுப்பதற்கு வெகு முன்பே நம் பிள்ளைகள் பலர் வாசிப்பது இதைத்தான்.

‘கிக் த பக்கெட்’ என்பதற்கு இவை தரும் பொருள் ‘இறந்துபோதல்’. தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் தமிழில் சாவைச் சொல்ல எத்தனை வழி இருக்கிறது! பத்திரிகையில் ‘காலமானார்’. சைவர் வீட்டுக் கடிதத்தில் ‘சிவலோகப் பதவி அடைந்தார்’. பக்கத்து வீட்டுக்காரர் வந்து ‘பெரியவர் தவறிட்டாராம்’ என்பார். வேண்டாத ஆள் என்றால் ‘மண்டையைப் போட்டான்’. சென்னைத் தெருவில் ‘டிக்கெட் வாங்கிட்டான்’. பக்கெட்டை உதைத்தவர் நிற்பது இந்தக் கடைசி வரிசையில். அதைச் சொல்லாமல் விட்டால், மேலதிகாரியின் அப்பா இறந்ததற்கு அனுதாபம் தெரிவிக்கும் மின்னஞ்சலில் ஒரு பையன் இந்தத் தொடரை எழுதிவிடுவான். புத்தகத்தின்படி அவன் எழுதியது சரி. வேலை இருக்குமா என்பது வேறு விஷயம்.

ராஜா அண்ணாமலைபுரத்துப் பெரிய வீடுகளில் வளரும் பிள்ளைக்கு இது ஒரு சிக்கலே இல்லை. எந்தத் தொடரை யாரிடம் சொல்லலாம், எங்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே தெரிந்துவிடும். நடந்துபோகிற தூரத்தில், பட்டினப்பாக்கம் குடியிருப்பில் இருக்கிற பிள்ளைக்கு அந்தப் புத்தகம்தான் கதி. பொருளைக் கொடுத்துவிட்டுப் புழக்கத்தைச் சொல்லாமல் விடுவது அந்தப் பிள்ளைக்குச் செய்கிற அநியாயம் என்றே எனக்குப் படுகிறது.

இன்னொரு குறை, தமிழ்ப் பக்கத்துத் தமிழ். ‘பிரேக் த ஐஸ்’ என்பதற்கு ‘மௌனத்தைக் கலைத்தல்’ என்று போடுகிறார்கள். சிலர் ‘பனிக்கட்டியை உடைத்தல்’ என்றே எழுதுகிறார்கள். இந்த ஊருக்கு ஐஸ் வந்ததே கப்பலில்தான். அமெரிக்காவிலிருந்து வந்த அந்தக் கட்டிகளை வைக்கத்தான் 1842-இல் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். உறைந்த ஆற்றில் பாளத்தை உடைத்து வழி பண்ணுகிற காட்சி நம் கண்ணில் எப்படி வரும்? ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம் ‘பேச்சுக் கொடுத்தேன்’ என்கிறோமே, அதுதான் இதற்கு மிக நெருக்கம். மொழி அறக்கட்டளையின் ‘தற்காலத் தமிழ் மரபுத்தொடர் அகராதி’ 1997-லேயே வந்துவிட்டது. தொகுப்பாளர்கள் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

பாரதி பத்திரிகைத் தமிழுக்கு ஒரு சோதனை சொன்னார்: எழுதப் போவதை முதலில் இங்கிலீஷ் தெரியாத ஒரு தமிழரிடம் வாயால் சொல்லிப் பாருங்கள், புரிகிறதா என்று. இந்தச் சோதனையில் எல்லா இரவல் தொடரும் தோற்பதில்லை. ‘பச்சைக்கொடி காட்டினார்’ ஜெயித்துவிட்டது, ரயில் கார்டைப் பார்க்காதவர் யார்? ‘பனிப்பாறையின் நுனி’ இன்னும் தடுமாறுகிறது.

‘இமாலயத் தவறு’ என்ற தொடரின் கதை தனி. சத்தியாக்கிரகத்துக்கு மக்களைத் தயார்படுத்தாமல் அழைத்துவிட்டதைச் சொல்ல, 1919-இல் நடியாத் கூட்டத்தில் காந்தி பயன்படுத்திய சொல் அது. சிலர் அதைக் கேலி செய்தார்கள். பிறகு அது இந்தியர்களின் ஆங்கிலத்தில் ஊறி, 1962 போரைப் பற்றி பிரிகேடியர் தால்வி எழுதிய நூலுக்குத் தலைப்பாகவும் ஆனது. நமக்கும் வந்து சேர்ந்தது. இன்று டீக்கடையில் கிரிக்கெட் பேசுகிறவரும் சொல்வார். இமயம் எவ்வளவு பெரிது என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.